மாமன் உட்காராத நாற்காலி

என் சின்ன மகன் மலேசியாவில் கப்பு, சாஸர், சாமி பொம்மை செய்கிற பட்டறை வைத்திருந்தான். விருத்தாசலத்துப் பீங்கான் வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று அந்த நாட்டு அரசாங்கத்திடம் கேட்டு, ஒருவருக்கு அனுமதி வாங்கினான். யாரை அனுப்புவது என்பதை என்னிடம் விட்டான். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனால் ஒருவன் அச்சிலிருந்து ஈரப் பொம்மையை எடுக்கிற விதத்தைப் பார்த்தே அவன் கை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுவேன். எதிர்வீட்டுக்காரியின் தம்பியைச் சொன்னேன். அவளுக்கு உடன்பிறந்தவன் அவன் ஒருவன்தான்.

அப்போதெல்லாம் எங்கள் பக்கத்து ஆட்கள் பலர் ஏஜென்ட் பேச்சைக் கேட்டுச் சுற்றுலா விசாவில் போய், போலீசுக்குப் பயந்து ஒளிந்து ஒளிந்து வேலை செய்தார்கள். நான் அனுப்பிய ஆள் அப்படிப் போகவில்லை. மருத்துவப் பரிசோதனை, பட்டறையின் பேரில் அனுமதி, எல்லாம் முறையாக நடந்தது. கடைத்தெருவில் யார் கேட்டாலும் இதைச் சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

அவன் போன மறுவருஷம் எதிர்வீட்டுக்காரியின் மகள் வயதுக்கு வந்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கியிருந்த சமயம். வாசலோரம் தென்னங்கீற்றில் குச்சு கட்டி, பெண்ணை உள்ளே உட்கார வைத்தார்கள். தாய்மாமன் சீர் வந்தால்தான் தண்ணீர் ஊற்றி, அவன் கொண்டுவந்த புடவையைக் கட்டி, அவன் கையால் மாலை போட்டு வீட்டுக்குள் அழைப்போம்.

"மாமன் மொறையில வேற ஒருத்தர வச்சி முடிச்சிடலாம்" என்றார் பெண்ணின் அப்பா.

நான்தான் குறுக்கே புகுந்தேன். "எதுக்கு வேற ஆளு? எம் புள்ளகிட்டதான வேல செய்யுறான்? நான் ஒரு போன் போட்டா அடுத்த பிளேன்ல வந்து நிப்பான்."

அன்று சாயங்காலமே மகனிடம் பேசினேன்.

"யம்மா, அந்த அனுமதிய வருஷா வருஷம் புதுப்பிக்கணும். இப்பதான் குடுத்திருக்கேன். அவன் பாஸ்போர்ட்டு கவர்மெண்டு ஆபீசுல இருக்குது."

"போயி வாங்கிட்டு வாடா."

"நடுவுல வாங்குனா அனுமதி போயிடும். அவன் ஊருக்கு வரலாம், திரும்பி இங்க வர முடியாது. நீ வான்னு சொல்லு, நாளைக்கே வாங்கிக் குடுத்துடறேன்."

போனை அவனிடம் கொடுக்கச் சொன்னேன். "நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே செய்யுறேன் பெரிம்மா" என்றான்.

வா என்றால் அவன் பிழைப்பு போகும். வராதே என்றால் தெருவே கேட்க நான் சொன்ன சொல் போகும். லைன் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வாசல் கதவைத் திறந்தால் நேர் எதிரே குச்சு. அதனால் வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறமாகப் போய்வந்தேன். அங்கே சூளையில் விரிசல் விட்ட கப்புகளைக் கொட்டி வைத்திருந்தோம். அதன்மேல் நடந்து பின்தெருவில் பால் வாங்கினேன். என் வீட்டுக்குள் நானே திருடிபோல இருந்தேன். தண்ணீர் ஊற்றத் தோதான ஒற்றைப்படை நாள்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன.

ஒருநாள் எதிர்வீட்டுக்காரி கொல்லைக்கே வந்து நின்றாள்.

"இன்னா பெரிம்மா, இந்தப் பக்கமா போறீங்க?"

"கால் வலிக்குதுடி."

"கால் வலிக்கிறவங்க ஒடஞ்ச கப்பு மேலயா நடப்பாங்க?"

கையைப் பிடித்துக் குச்சுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அங்கே வைத்து, மகன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"ஏஜென்ட் கையில போன கோடித் தெருக்காரன் வந்துட்டான். சட்டமா போன எந்தம்பிதான் வர முடியல!"

"அவன போலீசு புடிச்சி அனுப்புனாங்கடி."

"யாரு அனுப்புனா இன்னா? ஊட்டு விசேஷத்துக்கு வந்தானா இல்லியா?"

குச்சுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "யம்மா, எனக்கு மால போடுறதுக்கு மாமா வேலய வுட்டுட்டு வரணுமா? போட்டுட்டு அப்புறம் இன்னா பண்ணும்? இந்த வேக்காட்டுல என்னால படிக்க முடியல. தண்ணிய ஊத்தி உள்ள கூப்புடுங்க!"

எதிர்வீட்டுக்காரி திரும்பி என்னைப் பார்த்தாள். "சரி. ஆனா வேற யாரும் மாமனா நிக்கக் கூடாது. அவன வேலைக்கு வச்சிருக்கிற ஊட்லேருந்துதான் சீரு வரணும்."

வந்தது. தட்டு ஏந்தி, மேளத்துக்குப் பின்னால், தெருவைக் குறுக்கே கடந்து நானே போனேன். பெண்ணுக்குப் பக்கத்தில் மாமனுக்கென்று ஒரு நாற்காலி போட்டு, போட வேண்டிய மாலையை அதன்மேல் வைத்திருந்தார்கள். போட்டோக்காரர் நாற்காலியை எடுத்துவிடலாமா என்று கேட்டார். "அது இருக்கட்டும்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. அந்த நாற்காலிக்குப் பின்னால் என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள்.

பெண் பரீட்சை எழுதினாள். அவனுக்கும் அனுமதி புதுப்பித்துக் கிடைத்தது. படம் அவர்கள் வீட்டில் வாசலைப் பார்த்து மாட்டியிருக்கிறது. நான் எப்போது போனாலும் அதே நாற்காலியைத்தான் இழுத்துப் போடுவாள்.

"உக்காருங்க பெரிம்மா."

நின்றுகொண்டே டீ குடித்துவிட்டு வருகிறேன்.