கடைவாய்ப் பல் வலித்த நாளில்

ஓவியக் கல்லூரியில் பெருக்கித் துடைக்கிற அவளை எல்லாரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாகத் தரையில் சிந்திய சாயத்தைச் சுரண்டியவளுக்கு, ஒரு படத்தை நின்று பார்க்க நேரம் வாய்த்ததில்லை.

ஒருநாள், மாதிரிக்கு உட்கார வேண்டிய பெண் வரவில்லை. வாத்தியார் இவளை ஜன்னலோரம் உட்காரவைத்து வரைந்தார். அன்றைக்கென்று பார்த்துக் கடைவாய்ப் பல் உயிரை வாங்கியது. கன்னத்தில் கைவைத்து மூன்று மணிநேரம் வெளியே பார்த்தபடி இருந்தாள்.

அடுத்த வருடம் அந்தப் படம் கண்காட்சியில் பரிசு வாங்கியது. பத்திரிகைக்காரர்கள் படத்தைப் போட்டு, ‘மனதில் ஒருவன், வீட்டில் ஒருவன் என்றிருக்கும் பெண்ணின் முகம் இது’ என்று எழுதிவிட்டார்கள். வெல்டிங் பட்டறையில் அவள் புருஷனிடம் யாரோ ஒருவன் அந்தப் பத்திரிகையை நீட்டி, “உங்க வீட்டம்மா ஜாடையா இருக்கே” என்றான். புருஷன் தனியாகக் கண்காட்சிக்குப் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தான். சாப்பாட்டைத் தொடவில்லை.

“யாரை நெனச்சுக்கிட்டிருந்த?”

“பல்லைத்தாங்க. பிடுங்கறப்ப நீங்கதானே கூட வந்தீங்க.”

“பல்வலிக்கு அப்படி ஒரு மூஞ்சியா? இருபது வருஷத்துல என்னை ஒருநாள் அப்படிப் பாத்திருப்பியா?”

மறுநாள் வாத்தியாரிடம் போய், “அவருகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்” என்று கெஞ்சினாள்.

“என்னன்னு சொல்றது, பெரியக்கா? உங்க மூஞ்சில என்ன இருந்துச்சோ அதைத்தான் போட்டேன். பல்வலியா எனக்குத் தெரியலையே.”

அரைநாள் லீவு போட்டுக் கண்காட்சிக்குப் போனாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “யாரையோ தொலைச்சுட்டா, பாவம்” என்றாள்.

“அது நாந்தாங்க. பல்வலி.”

அந்தப் பெண் இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனாள். பெரியக்கா படத்தையே பார்த்தாள். நெற்றித் தழும்பு அவளுடையதுதான். ஆனால் அந்த முகத்தில் பல்வலி இல்லை. அன்றைக்கு வேறு எதையாவது நினைத்தோமா என்று துருவித் துருவித் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. இல்லை என்று அடித்துச் சொல்லவும் நா எழவில்லை.

புருஷன் அடிக்கவுமில்லை, விட்டுப் போகவுமில்லை. படுக்கையை மட்டும் கூடத்துக்கு மாற்றிக்கொண்டான். படம் எந்த ஊருக்கோ விலைபோயிற்று. வீட்டில் அவள் சற்று அசந்து ஜன்னல் பக்கம் திரும்பினால் போதும், “இப்ப யாரு?” என்பான். முதலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது சொல்வதில்லை.