யாரோ இருந்த வீடு

முதலில் கண்ணாடியைத்தான் பார்ப்பாள். எந்த வீட்டுக்குப் போனாலும் கூடத்தில் நிற்காமல், சமையலறையை எட்டிப் பார்க்காமல், பிரேமாவதி நேரே குளியலறைக்குப் போவாள். கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிக் கிடக்கும் ஸ்டிக்கர் பொட்டுகளை நகத்தால் சுரண்டி எடுப்பாள். சிவப்பு, கறுப்பு, கல் வைத்தது, கல் உதிர்ந்தது. "பதினஞ்சு வருசத்துப் பொட்டு லா இது. வீட்டையே காலி பண்ணிட்டுப் போவாளுங்க, இத மட்டும் வுட்டுட்டுப் போவாளுங்க," என்பாள். பசை இளகாவிட்டால் சூக்காவில் நனைத்த துணி. வினிகரை அவள் மலாய்ப் பெயரில் சூக்கா என்றுதான் சொல்வாள். அவளுடைய வாளியில் அது இரண்டு போத்தல் எப்போதும் இருக்கும்.

வயது ஐம்பத்தாறு. அப்பாவும் அம்மாவும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது தொழிலாளர் லயத்தை விட்டு வந்த குடும்பம். பதினெட்டு வருடம் கையுறைத் தொழிற்சாலையில் நின்று கால் வீங்கியதுதான் மிச்சம். இப்போது பீடோங்கைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளில் விற்பனைக்கு வரும் வரிசை வீடுகளை விற்கிற பக்குவத்துக்குக் கொண்டுவருவதுதான் அவள் தொழில். செர்டாங் வரைக்கும்கூடக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டுத் தரகன் திவாகரன் கொடுத்த வேலை இது. முதல் நாளே அவன் ஒரு வரியில் பாடம் சொல்லிவிட்டான். "யாரு இருந்தாங்கன்னு தெரியக் கூடாதுக்கா. அவ்ளோதான். மலாய்க்காரங்க வந்தாலும் சீனவங்க வந்தாலும், நம்பாளுங்களே வந்தாலும் எல்லாருக்கும் அதான் புடிக்கும்."

அதைப் பிரேமாவதி அட்சரம் பிசகாமல் செய்வாள். ஊதாவும் பச்சையுமாக இருக்கும் சுவருக்கு வெளிர் சாயம். கேட்டில் மயில் வைத்துப் பற்றவைத்திருந்தால் வெல்டிங் ஆளைக் கூப்பிட்டு மயிலை அறுத்து இறக்கிவிடுவாள். கூரையில் கற்பூரக் கரி படிந்த இடத்தை முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டுத்தான் சாயம் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் கரி மறுபடி மேலே வரும் என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது. கருவாட்டு வாடைக்கு மூலைக்கு மூலை அடுப்புக்கரி. மசாலாத்தூள் வாடைக்குப் வாசனைப் பாண்டான் இலையும் செராய்ப் புல்லும் போட்டுக் கொதிக்கவிட்ட தண்ணீர். நிலையில் தலை உயரத்தில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்த இடம்தான் அவளுக்குப் பெரிய சள்ளை. வருடக்கணக்கில் ஏறிய மஞ்சள் மரத்துக்குள்ளேயே போயிருக்கும். உப்புத்தாள் போட்டு மரத்தின் வெள்ளை தெரியும்வரை தேய்ப்பாள். சாமி பார்த்துச் சலுகை கிடையாது. ஏசுதாசன் என்பவரின் வீட்டு வாசலுக்கு மேலே செருகியிருந்த குருத்தோலைச் சிலுவையையும் அவள்தான் எடுத்தாள்.

எடுத்ததைக் குப்பையில் போட மாட்டாள் என்பது மட்டும் உண்மை. நிலைக்கு மேலே அடித்திருந்த செப்புத் தகடுகள், கண்ணேறு பொம்மை, ஓலைச் சிலுவை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் சேரும். டின் நிறைந்தால் இரண்டு பஸ் மாறிக் கோத்தா கோலா மூடாவுக்குப் போய், ஆறு கடலில் விழுகிற இடத்தில் கொட்டிவிட்டு வருவாள். பாவபுண்ணியம் பார்க்கிறாளா என்றால் சிரிப்பாள். "அதெல்லாம் இல்ல. வீட்ல வெச்சா எந்தச் சாமி எந்த வீட்டுச் சாமின்னு சண்ட வரும் லா."

அவள் அதிகம் சொல்லிச் சிரித்தது மருதம்மாள் கதையை. தன் வீட்டைப் பார்க்க ஆள் வரும் நாளில் மருதம்மாள் மகன் ஓட்டும் காடியில் ஏறிக் கொஞ்ச நேரம் வெளியே போக வேண்டும். வீட்டுக்காரர்கள் இருக்கக் கூடாது என்பது திவாகரனின் இன்னொரு சட்டம். படி தாண்டும்போது பழக்க தோஷத்தில் அந்த அம்மாளின் கை நிலைக்குப் போயிற்று. தொட்டாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காலையில் அடித்த சாயம் காயவில்லை. இரண்டு இமையிலும் வெள்ளை அப்பிக்கொண்டு, கண்ணைத் திறக்க முடியாமல் காடிக்குள் உட்கார்ந்திருந்தாள். "மண்ணெண்ண போட்டுத் தொடச்சு வுட்டேன். அப்பவும் அழல அந்த அம்மா. எனக்குத்தான் சிரிப்ப அடக்க முடியல," என்று ஒரு மாதம் வரை பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவன் வீட்டை விற்றுப் பார்க்கவில்லை போலிருக்கிறது. பிரேமாவதியின் சொந்த வீடு பதினாலு மாதமாக விற்பனைக்குக் கிடந்தது. பதினோரு பேர் வந்து பார்த்தார்கள். ஊதாச் சுவரைப் பார்த்தார்கள், பின்பக்கம் தகரம் இறக்கிக் கட்டிய சமையல்கட்டைப் பார்த்தார்கள், கூடத்தில் நிற்கும் சாமி மேடையைப் பார்த்தார்கள். "நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். ஊரார் வீட்டையெல்லாம் துடைத்தவள் தன் வீட்டில் ஓர் ஆணியைக்கூடப் பிடுங்கவில்லை. திவாகரன் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனான். "ஒங்களுக்கே தெரியும்க்கா, நான் என்னா சொல்றது," என்பான். அவளுக்குத் தெரியாமல் இல்லை.

அந்தச் சாமி மேடையைக் கட்டியது அவள் கணவர் அழகேசன். தோட்டத்து லாரி ஓட்டியவர்; கொத்து வேலையும் கொஞ்சம் தெரியும். செங்கல்லை அடுக்கி, மூன்று படி வைத்து, பச்சைப் பளிங்குக்கல் பதித்து, கிழக்குப் பார்க்கக் கட்டியிருந்தார். இப்போது இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் சுங்கைப் பட்டாணிக்குப் போய் நாலு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினில் கிடக்க வேண்டும். போகும்போது வேன் வரும். திரும்பும்போது வேன் கிடைக்காத நாளில் பஸ்தான். மெஷினை விட்டு இறங்கிய மனுஷன் பஸ்ஸுக்கு நிற்பது என்ன கொடுமை என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். டயாலிசிஸ் நிலையத்துக்கு எதிரிலேயே ஓர் அடுக்குமாடி பிளாட்டில் தரைவீடு ஒன்று விலைக்கு இருந்தது. ரோட்டைத் தாண்டினால் மெஷின். அதன் சொந்தக்காரி நல்லவள், வருடக் கடைசி வரை வேறு ஆளுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். இந்த வீடு போனால்தான் அந்த வீடு.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை அழகேசன் பஸ் நிறுத்தத்தில் விழுந்தார். பின்மண்டையில் நாலு தையல். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதே பிரேமாவதி திவாகரனுக்குப் போன் போட்டாள். "அடுத்த சனிக்கெழம ஆளக் கூட்டிட்டு வா தம்பி. வீடு ரெடியா இருக்கும்."

மற்றவர்கள் வீட்டுக்குப் பத்து நாள் எடுப்பவள் தன் வீட்டை எட்டே நாளில் முடித்தாள். கண்ணாடியில் இருந்தவை அவளுடைய பொட்டுகளேதான். எண்ணாமல் வழித்து எறிந்தாள். ஊதா போயிற்று. வாசல் வேப்பமரத்தில் கட்டியிருந்த மஞ்சள் துணி போயிற்று, பிறகு வேப்பமரமும் போயிற்று. கடைசியாகச் சுத்தியலை எடுத்துக்கொண்டு சாமி மேடை முன்னால் நின்றாள். படங்களை இறக்கி அடுக்கியாகிவிட்டது. அழகேசன் நாற்காலியில் சுவர்ப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"சாமிய எங்க வெச்ச?" என்று கேட்டார்.

"வாளியில."

பச்சைக்கல் முதல் அடியிலேயே தெறித்தது. மூன்றாவது அடிக்கு அவர் திரும்பாமலே சொன்னார்: "சோத்துக் கைப் பக்கம் மெதுவா அடி. உள்ள கம்பி வெச்சிருக்கேன். கைய கிழிச்சிடும்."

அவர் சொன்ன இடத்தில் கம்பி இருந்தது. அன்றைக்கு முழுவதும் பிரேமாவதிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம் அது. நோயின் மேலா, பதினோரு பேர் மேலா, இத்தனை நாள் சிரித்துச் சிரித்துச் செய்த தன் தொழிலின் மேலா என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. உடைந்த கல்லை அரிசி மூட்டைச் சாக்கில் அள்ளிக் கட்டினாள். தரையில் தெரிந்த சதுரத்துக்குப் புதுக் கல் பதித்தாள். நிலையை உப்புத்தாளால் தேய்த்தபோது இருபத்தொரு வருடத்து மஞ்சள் மாவாகக் கொட்டியது, அதையும் கூட்டி வாரினாள்.

சனிக்கிழமையை அவளேதான் தேர்ந்தெடுத்தாள். அன்றைக்கு மனுஷன் வீட்டில் இருக்க மாட்டார், மெஷினில் இருப்பார். நோயாளி இருக்கும் வீடு என்று தெரிந்தால் விலையைக் குறைப்பார்கள் என்பதையும் அவள்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து வந்தவள். வேன் போனதும் மருந்து டப்பாக்களை அலமாரிக்குள் தள்ளிப் பூட்டினாள். பாண்டான் இலையைக் கொதிக்க வைத்தாள். வெளியே கிளம்பக் காலில் சிலிப்பரை மாட்டும்போதே காடி வந்து நின்றது. அரை மணி நேரம் முன்னதாகவே கூட்டி வந்துவிட்டான் திவாகரன். அவளைப் பார்த்ததும் அவன் ஒரு கணம் திருதிருவென்று விழித்தான். பிறகு சமாளித்துக்கொண்டான்.

"இவங்க க்ளீனிங் ஆன்டி. வேல முடிஞ்சிருச்சு, கெளம்பிட்டாங்க."

பிரேமாவதி சிலிப்பரைக் கழற்றிவிட்டுத் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். க்ளீனிங் ஆன்டி நெற்றியில் பொட்டோடு இருக்கலாம். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

வந்தவர்கள் தமிழர்கள், புதிதாகக் கல்யாணமான ஜோடி. பெண் பெயர் சாந்தினி என்று திவாகரன் கூப்பிட்டதிலிருந்து தெரிந்தது. இருவரும் சுங்கைப் பட்டாணியில் வேலை பார்ப்பவர்கள். சுவரைத் தடவினார்கள், குழாயைத் திறந்து பார்த்தார்கள், புதுச் சாயத்தை மோந்து பார்த்தார்கள். கண்ணில் ஆசை தெரிந்தது. கையில் பிடிக்கிற பாத்திரத்தில் தண்ணீர் விழுவதுபோல் பிரேமாவதிக்கு நெஞ்சு லேசாக நிறைந்தது. பதினாலு மாதத்தில் குழாயைத் திறந்து பார்த்தவர்கள் இவர்கள்தான்.

"முன்ன யாரு இருந்தாங்க இங்க?" என்று சாந்தினி திவாகரனிடம் கேட்டாள். "நம்பாளுங்க இருந்த வீடு வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க. செவுரெல்லாம் எண்ண ஏறியிருக்குமாம்."

"சே, இல்ல லா. ரிட்டயர்ட் டீச்சர். தனியா இருந்தாரு. சமையலே கெடையாது," என்றான் திவாகரன், கண்ணிமைக்காமல்.

இளைஞன் கூடத்தின் நடுவில் நின்று செல்போனில் திசை பார்த்தான். நேரே போய்ப் புதுக்கல் பதித்த மூலையில் நின்றான். "சாந்தினி, இங்க பாரு. கெழக்குப் பாத்த மாதிரி வருது. நம்ப சாமி மேடைய இங்கியே கட்டிரலாம்," என்றான்.

"கட்டிரலாம்," என்றாள் அவள். சந்தோஷமாகத் திரும்பியவள் வாளி அருகில் நின்ற பிரேமாவதியைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல பெண்தான், முகத்தில் கள்ளம் இல்லை. "ஆன்டி, நீங்கதானே க்ளீன் பண்ணீங்க? ரொம்ப அழுக்கா இருந்துச்சா வீடு?"

திவாகரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சுங்கைப் பட்டாணியில், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், ஜன்னலில் பச்சை வலை போட்ட அந்தத் தரைவீடு பிரேமாவதியின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"இல்லம்மா," என்றாள். "நல்லா வெச்சிருந்தாங்க."

"ஓகே ஆன்டி, தேங்ஸ். நாங்க பாத்துக்குறோம், நீங்க போங்க."

வாளியைத் தூக்கினாள். இரண்டு போத்தல் சூக்காவுக்கும் உப்புத்தாளுக்கும் அடியில், ஈரத்துணியில் சுற்றி, முருகன் படமும் காமாட்சி விளக்கும் அவள் வீட்டுச் செப்புத் தகடும் இருந்தன. கனமாகத்தான் இருந்தது. வாசலுக்கு வந்து சிலிப்பரை மாட்டினாள். படி தாண்டும்போது வலது கை தானாக எழுந்து நிலைக்குப் போயிற்று. சாந்தினி பின்னாலேயே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுந்த கை பாதியில் நின்றது. பிரேமாவதி தோளிலிருந்த துணியை இழுத்து, குங்குமம் இருந்த இடத்தில், இல்லாத அழுக்கை இரண்டு தரம் அழுத்தித் துடைத்தாள்.