பித்தளை மாட்டிய கிடார்

ஊர்க்காவலனுக்கு இரும்பைக் கண்டாலே ஆகாது. நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் மருந்து கலக்கிறவன் வேறு எப்படி இருப்பான்? செருப்பில் ஓர் ஆணி இருந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இரும்பு உரசிப் பொறி விழுந்தால் அறையும் இல்லை, ஆளும் இல்லை. உள்ளே புழங்குவதெல்லாம் பித்தளை. உலகத்திலேயே நல்ல உலோகம் அதுதான் என்பது அவன் முடிவு.

எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் டிரம்ஸ், அவன் எலெக்ட்ரிக் கிடார். எழுபதுகளில் ஜப்பானில் செய்த கிடார் அது. தூத்துக்குடிக் கப்பல்காரர் ஒருவரிடம் அவன் சித்தப்பா வாங்கித் தந்தது. பொங்கல் கச்சேரி, கோயில் கொடைக் கச்சேரி என்று வேர்வை பட்டுப் பட்டு அதில் துரு ஏறியது. இவனுக்குத் தாங்குமா? கம்பெனிக்குப் பித்தளைச் சாமான் கடைந்து தரும் லேத்துப் பட்டறையிலேயே கிடாருக்கும் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ், குமிழ், தகடு, திருகாணி எல்லாம் செய்து மாட்டினான். கழற்றியதைப் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தரும் வண்டிக்காரரிடம் போட்டான். எனக்கும் நாலு பழம் கொடுத்தான். நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

2006இல் தீபாவளி சீசன் நேரம் கம்பெனியில் அவனுக்குப் பக்கத்து அறை வெடித்தது. உள்ளே இருந்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு எங்கே சத்தம் கேட்டாலும் அவன் மனைவி செல்வலட்சுமி தெருவுக்கு ஓடிப்போய், புகை எந்தப் பக்கம் என்று பார்ப்பாள். அந்த வேலையை விட்டுவிட அவனுக்குத் தெரிந்தது ஒரே வழி. கிடாரை விற்று ஒரு பழைய லோடு ஆட்டோ வாங்குவது. மதுரையில் பழைய வாத்தியம் வாங்கி விற்கும் தனுஷ்கோடி போனிலேயே விவரம் கேட்டுவிட்டு, எழுபதாயிரம் போகும் என்றான். ஆட்டோவைக்கூடப் பார்த்து வைத்தாயிற்று. செல்வலட்சுமி பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்தாள்.

தனுஷ்கோடி வந்தான். உறையைத் திறந்ததும் அவன் முகம் சுருங்கியது.

"அண்ணே, இதுல இருந்த பழைய சாமானெல்லாம் எங்க?"

"அது துருப்பிடிச்ச இரும்பு தம்பி. தூக்கிப் போட்டாச்சு. இது சுத்தப் பித்தளை!"

"அந்தத் துருவோட இருந்தாத்தாண்ணே நான் சொன்ன வெலை. தனியா ஒரு பையில போட்டு வச்சிருந்தாக்கூடச் சமாளிக்கலாம். வாங்குறவுக கம்பெனி போட்ட சாமானத்தான் கேப்பாக. தகடு மாட்ட மரத்துலயும் புதுசாத் தொளை போட்டிருக்கீக."

"வாசிச்சுப் பாரு. முன்னைக்கு இப்ப நாதம் எம்புட்டோ மேல."

தனுஷ்கோடி வாசித்துப் பார்த்தான். "நெசந்தாண்ணே. வாசிக்க இதுதான் ஒசத்தி. விக்கத்தான் ஆகாது. பதினஞ்சு தாரேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். துருவுக்கு விலை வைக்கிறவனிடம் என்னத்தைப் பேச? ஊர்க்காவலன் கிடாரை உறையில் போட்டு மூடினான். அந்தக் காசுக்கு ஆட்டோவின் பாதிகூட வராது. எனக்கு அழுகைதான் வந்தது.

திங்கட்கிழமை காலை கம்பெனி வேன் வந்தது. செல்வலட்சுமி தூக்குவாளியை உடனே கொடுத்துவிடவில்லை. அவன் கையைப் பிடித்து, விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தாள்.

"இப்பப் போற மாதிரியே முழுசா வந்து சேருங்க. ஒங்களுக்கு மாத்திப் போட எந்தப் பட்டறையிலயும் சாமான் கெடையாது."

வேன்காரர் ஹாரன் அடித்தார். அவன் கையை உருவிக்கொண்டு போய் ஏறினான்.