ஈரப் பையின் எடை

சலவைக்கூடத்தில் அவளுக்கு அக்கா என்றுதான் பேர். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நாலு பெரிய ஆஸ்பத்திரிகளின் விரிப்பும் போர்வையும் வெளுக்க வருகிற இடம் அது. பத்தொன்பது வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. துவைத்து முடித்த இயந்திரத்தின் வாய்க்குள் குனிய வேண்டும், துணி அடைத்த வலைப்பையை இரண்டு கையாலும் பற்றி வெளியே இழுக்க வேண்டும், அப்படியே இடுப்பைத் திருப்பிப் பின்னால் நிற்கிற தள்ளுவண்டியில் போட வேண்டும். ஒரு நாளைக்கு எழுபது பை. செக்குமாடாவது நிமிர்ந்து நடக்கும், இவளுக்கு அந்தச் சொகுசும் கிடையாது.

சுவரில் ஒரு பலகை உண்டு. இருபத்தைந்து கிலோவுக்கு மேல் யாரும் தனியாகத் தூக்கக் கூடாது என்று எழுதியிருக்கும். தினமும் அதைத் துடைத்துப் பளபளவென்று வைப்பார்கள். ஆனால் தராசு எங்கே இருந்தது? அழுக்குத் துணி வந்து இறங்குகிற முன்கூடத்தில்! அங்கே காய்ந்த துணியை நிறுத்து, இருபத்து நாலு என்று ஒரு பிளாஸ்டிக் வில்லையைக் கட்டி உள்ளே அனுப்புவார்கள். தண்ணீரில் ஊறி வெளியே வரும்போதும் அதே வில்லைதான் தொங்கும். போதாக்குறைக்கு, துணி கிழிந்துவிடக் கூடாதென்று பிழிகிற வேகத்தைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். துணிமேல்தான் எவ்வளவு கரிசனம்! ஈரப் பையை நிறுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்காவுக்கே தோன்றவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பை கனத்தால் தனக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பின் அடியில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கிற வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். இனி கனம் தூக்கவே கூடாதாம். வேலையால் வந்த நோய் என்றால் கம்பெனி அவளுக்கு உட்கார்ந்து துணி மடிக்கிற வேலை கொடுத்தாக வேண்டும். வீட்டில் வந்த நோய் என்றால் தகுதியில்லை என்று வெளியே அனுப்பிவிடலாம். சட்டம் அப்படி.

கம்பெனி டாக்டர் நைச்சியமாகக் கேட்டார். "வீட்ல ஏதாவது தூக்குவீங்களாம்மா?"

"தண்ணிக் குடம் தூக்குவேன் சார்."

கேட்டதற்குப் பதில் சொன்னாள், வேறென்ன செய்வாள்? அவர் எழுதினார்: வீட்டில் குடம் தூக்கியதால் வந்த நோய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு அவருக்கு ஒரே ஒரு வரி போதுமாக இருந்தது.

தையற்கடை வைத்திருக்கிற அவள் புருஷன் தலையில் அடித்துக்கொண்டான். "குடத்தப் பத்தி ஏன்டி சொன்னே?"

"தூக்கறது உண்மைதானே?"

"ஒரு நாளைக்கு ரெண்டு குடம்! அங்க எழுபது பை. அத அந்த ஆளு கேட்டாரா?"

"கேக்கல." கொஞ்ச நேரம் அடுப்படியில் கிடந்த காலிக் குடத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு கேட்டாள். "ஏங்க, வெறுங்குடத்த நிறுத்தா ஒரு கிலோ வருமா? உள்ள இருக்கற தண்ணிதானே கனம்? குடத்துத் தண்ணி மட்டும் இடுப்ப ஒடிக்கும், துணியில இருக்கற தண்ணி ஒடிக்காதா?"

புருஷன் ஊசியைக் கீழே வைத்தான். அன்றைக்கே இரண்டு பேருமாக உட்கார்ந்து தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுதினார்கள்.

அங்கிருந்து சலவைக்கூடத்துக்கே விசாரணைக்கு ஓர் அதிகாரி அம்மா வந்தார். மேனேஜர் பதிவேடுகளை அடுக்கிவைத்தார். எல்லாப் பக்கத்திலும் இருபத்து நாலு, இருபத்து நாலு. "எங்க ரெக்கார்டு கண்ணாடி மாதிரி மேடம். இவங்க வீட்ல குடம் தூக்கியிருக்காங்க, அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

அக்காவால் நாற்காலியில் உட்கார முடியாது. சுவரைப் பிடித்து நின்றபடியே சொன்னாள். "மேடம், இப்ப துவைச்சு முடிஞ்ச பை ஒண்ண நிறுத்துப் பாருங்க."

"அதெல்லாம் இங்க வழக்கமில்ல, தராசு முன்னாடி இருக்கு" என்று மேனேஜர் இழுத்தார்.

"கொண்டு வரச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

துணி ஏற்றிப்போக வந்திருந்த வண்டிக்காரர் அங்கே நின்றார். ஆள் வாட்டசாட்டமானவர். உதவி செய்கிற நல்ல மனசோடு சட்டையை மடித்துவிட்டு, இயந்திரத்துக்குள் குனிந்து பையைப் பற்றினார்.

"அய்யய்யோ, தனியா தூக்காதீங்க! இடுப்பு போயிடும்! இன்னொரு ஆள் வரட்டும்!" என்று கத்தினார் மேனேஜர்.

கத்திய பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவருக்கே புரிந்தது. மடிப்பு மேசைப் பெண்கள் கையிலிருந்த துணியை மடிக்காமல் அவரையே பார்த்தார்கள். இரண்டு ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பையைத் தராசில் வைத்தார்கள். நாற்பத்து மூன்று கிலோ.

அதிகாரி எண்ணைக் குறித்துக்கொண்டார். நோய் வந்த இடம் வீடு என்றிருந்ததை அடித்துவிட்டு வேலை என்று எழுதினார்.

"அவர் கத்துனதையும் எழுதிக்கோங்க மேடம்" என்றாள் அக்கா. "பத்தொன்பது வருஷம் இதையேதான் தூக்கினேன். அவர் கண்ணெதிர்லதான் தூக்கினேன். இந்த வார்த்தைய ஒரு நாள்கூட எங்கிட்ட சொன்னதில்ல."