மெக்சிகோத் தாயைச் சாகவிட்ட கதை

துறைமுக அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதி ஓய்வு பெற்றவன் நான். ஆங்கிலம் வாசிக்கத் தெரியும் என்ற திமிர் இன்னும் போகவில்லை. போன வருடம் என் வீட்டைக் கெடுத்தது அந்தத் திமிர்தான்.

தமிழில் குரல் கொடுத்து ஒளிபரப்பான மெக்சிகோ நாடகம் ஒன்றை என் மனைவி மாலையில் பார்ப்பாள். எதிர் வீட்டு முஸ்லிம் பெண்ணும் மஃரிப் தொழுதுவிட்டு வந்து பக்கத்துக் கதிரையில் இருப்பார். பிறந்தவுடன் பறிகொடுத்த மகளை, ஒரு பணக்கார வீட்டில் வேலைக்காரியாக இருந்துகொண்டு தேடும் தாயின் கதை அது.

"அந்த வீட்டுக் கிழவியை நம்பாதை பிள்ளை!" என்று மனைவி தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்துவாள். எதிர் வீட்டுப் பெண் விழுந்து விழுந்து சிரிப்பார். பிள்ளைகள் வெளிநாடு போனபின் எங்கள் வீட்டில் சிரிப்புக் கேட்டது அந்த நேரத்தில் மட்டும்தான்.

பிறகு மாற்றங்கள் தொடங்கின. முதலில் நாடகத்தை என் செய்தி நேரத்துக்குத் தள்ளினார்கள். வீட்டில் ஒரே தொலைக்காட்சி. நான் றிமோட்டை விடவில்லை.

"நீங்கள் பாக்காட்டி நாடு நடக்காதோ?" என்றாள் மனைவி.

அடுத்து மத்தியானத்துக்கு மாற்றினார்கள். எதிர் வீட்டுப் பெண்ணுக்கு அது சமையல் நேரம். பிறகு கேபிள்காரர் சனல்களையெல்லாம் இடம் மாற்றினார். ஒருவாறு தேடிப் பிடித்தால், நாடகம் இருந்த இடத்தில் யாரோ கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார்கள். நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். விரைவில் வரும் என்றார்கள். எப்போது கேட்டாலும் அதே பதில்.

"இஞ்சாருங்கோ, வந்துட்டுதோ?" என்று மனைவி நாளாந்தம் கேட்டாள். எரிச்சல் முற்றி, இணையத்தில் தேடினேன். மெக்சிகோவிலும் அதே கூத்துத்தான். ஒரு நிலையம் மாலை நாடகங்களை நகர்த்த, போட்டி நிலையம் தன் நிகழ்ச்சிகளை மாற்ற, முதல் நிலையம் திரும்பவும் மாற்றியிருந்தது. அங்கும் எத்தனை பெண்கள் றிமோட்டோடு மல்லுக்கட்டினார்களோ! கதையின் முடிவும் ஆங்கிலத்தில் கிடைத்தது.

அன்று மாலை மனைவியும் எதிர் வீட்டுப் பெண்ணும் இருந்தபோது சொன்னேன்: "தாய் செத்துப்போறா. மகளுக்குக் கடைசிவரை தெரியாது. கதை முடிஞ்சுது."

"அல்லாஹ்! உம்மா மவுத்தாகிட்டாவா அண்ணன்?" என்றார் எதிர் வீட்டுப் பெண்.

"ஓம். எழுதிக் கிடக்கு."

மனைவி எழுந்து அடுப்பு மூட்டக் குசினிக்குள் போனாள். அதன்பின் எதிர் வீட்டுப் பெண் மாலையில் வரவில்லை. உண்மையைச் சொன்னால், வீடு அமைதியானதில் எனக்கு அப்போது நிம்மதியாகவே இருந்தது.

சில மாதங்களில் நாடகம் வேறொரு சனலில், பழைய மாலை நேரத்திலேயே, விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. மறுபடி தேடினேன். மெக்சிகோவில் ஒரே கதையைப் புது நடிகர்களை வைத்துத் திரும்ப எடுப்பார்களாம், முடிவையும் மாற்றுவார்களாம். நான் வாசித்தது பழைய நாடகத்தின் முடிவு. அவர்கள் பார்த்த தாயை நான் வீணாகக் கொன்றிருந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். றிமோட்டை அவள் கதிரையில் வைத்தேன். அது வைத்த இடத்திலேயே கிடக்கிறது. அவள் இப்போது எதிர் வீட்டில் நாடகம் பார்க்கிறாள். நான் செய்தியைப் போட்டுவிட்டு, ஒழுங்கைக்கு அப்பால் கேட்கும் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். செய்தியில் ஒன்றும் மனதில் நிற்பதில்லை.

நேற்றுப் பொறுக்க ஏலாமல் கேட்டேன்: "அந்தத் தாய் மகளைக் கண்டுபிடிச்சிட்டாவோ?"

பிளேன்ரீக் கோப்பையை என் முன்னால் வைத்தாள்.

"ஏன், இங்கிலீசிலை எழுதிக் கிடக்கேல்லையோ?" என்றாள். படலையைச் சாத்திவிட்டு ஒழுங்கையைக் கடந்து போனாள்.