காற்று வீட்டுக்கு மின்விசிறி

காற்றுக்குப் பஞ்சமில்லாத ஒரு வீட்டுக்கு மின்விசிறி வாங்கப் போன குடும்பம் அந்தக் கரையில் எங்களுடையது ஒன்றுதான்.

மலாயாவில் ரயில்வே உத்தியோகம் பார்த்து ஓய்வூதியத்துடன் திரும்பிய அப்பாவின் பாட்டனார், வெயில் மாதங்களைக் கழிப்பதற்கென்றே வல்வெட்டித்துறைக்கு மேற்கே, கடலை ஒட்டி அந்த வீட்டைக் கட்டியிருந்தார். அவர் காற்றை நம்பிய மனிதர். சுவருக்குச் சுவர் யன்னல் வைத்தார். கூரையைப் பனை உத்திரங்களான வளைகளின் மேல் உயரத் தூக்கி ஓடு போட்டார். வைகாசியில் எழும்புகிற சோளகக் காற்று தென்மேற்கு யன்னலால் நுழைந்து, மேசையில் கிடக்கும் கடதாசிகளைப் பொறுக்கிக்கொண்டு கடற்பக்க யன்னலால் வெளியேறும். சாப்பிட உட்கார்ந்தால் அப்பளத்தை இடக்கையால் அமத்திப் பிடித்துக்கொண்டுதான் வலக்கையால் சாப்பிட வேண்டும். நாங்கள் குடியிருந்தது தெல்லிப்பழையில். பள்ளிக்கூட விடுமுறைக்கு மட்டும் அங்கே போவோம்.

எந்தப் பொருளையும் கொள்வனவு செய்யுமுன் அதற்குத் தேவை இருக்கிறதா என்று உறுதிப்படுத்த வேண்டும் என்பது அரச சேவையின் பாலபாடம். என் உத்தியோக காலம் முழுவதும் அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு முன்கூட்டியே ஓய்வுபெற்றிருக்கிறேன். எண்பத்து நாலாம் ஆண்டு ஆவணி விடுமுறையில், நான் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டில் அந்தத் தேவையை உறுதிப்படுத்த ஒருவரும் சிரமப்படவில்லை. அது நடு அறையில், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தது.

அது என் பெரியம்மா. அப்பாவின் அண்ணனுடைய மனைவி. முந்தின வருடம் ஆடிக் கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்தபின், அவரும் பெரியப்பாவும் அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார்கள். கையில் ஒரு பை இருந்தது. அதற்குள் ஒரு சோடி செருப்பும் வீட்டுத் திறப்புக் கோர்வையும் இருந்தன. பூட்டுவதற்குக் கதவு ஒன்றும் மிச்சமில்லாத திறப்புகள். அப்பா அவர்களைக் கடல்வீட்டில் தற்காலிகமாக இருத்தினார். தற்காலிகம் என்று மேலே எழுதப்பட்ட கோப்புகள் பல பின்னாளில் என் மேசைக்கு வந்தன. அவற்றில் எதுவும் மூடப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

நாங்கள் விடுமுறைக்குப் போய் இறங்கியபோது வீட்டின் யன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. உள்ளே அடுப்படி போல வெக்கை. வெளியே சோளகம் ஓட்டின் மேல் விழுந்து இரைந்துகொண்டிருந்தது. பெரியம்மா நித்திரை கொள்வதில்லை என்று பெரியப்பா சொன்னார். வைகாசியில் காற்று எழும்பியதிலிருந்து இரவும் இல்லை, பகலும் இல்லை. முன்பெல்லாம் கொழும்பிலிருந்து வரும்போது காரிலிருந்து இறங்க முன்னமே யாரையாவது பகிடி பண்ணுகிற பெரியம்மாவின் கன்னங்கள் உள்ளே போயிருந்தன. சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதை மறந்துவிடுவார். தெல்லிப்பழை ஆஸ்பத்திரி டொக்டர் குளிசை கொடுத்துப் பார்த்துவிட்டு, இந்த உடம்பு நித்திரை இல்லாமல் இனியும் தாங்காது என்று பெரியப்பாவிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டாராம்.

அம்மா யன்னலைத் திறப்பார். பெரியம்மா எழுந்து வந்து சாத்துவார். அம்மா மறுபடி திறப்பார்.

"காத்து வந்தால்தானே அக்கா நித்திரை வரும்? இதென்ன, அவிஞ்சு சாகிறதோ?"

"வேண்டாம் பிள்ளை. பூட்டியே கிடக்கட்டும்."

காரணம் சொல்லமாட்டார். தஞ்சம் என்று வந்திருக்கிற வீட்டில் காரணம் சொல்லித் தொந்தரவு கொடுப்பதும் மரியாதைக் குறைவு என்று நினைத்தாரோ என்னவோ.

அப்பா மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் தலைமை எழுதுநர். மனிதர்களின் துயரத்தைக் கண்டால் அவருக்கு அளவுநாடா நினைவுக்கு வரும். "யன்னல் திறக்கேலாது, காத்தும் வேணும். அப்ப ஃபான் தான்" என்று முடிவெடுத்தார். ஏணி வைத்து ஏறினார். பனை வளையைத் தட்டிப் பார்த்து, எது பாரம் தாங்கும், எது கறையான் தின்றது என்று சோக்கால் அடையாளம் போட்டார். கூரை அவ்வளவு உயரம் என்பதால், விசிறியை வளையோடு ஒட்டிப் பூட்டினால் காற்று கீழே வராது, ஓட்டுக்குத்தான் விசிறும், ஆகவே நீளக் குழாய் வேண்டும் என்றார். இறகின் நீளத்தைப் பற்றித் தனியாகவும் கதைத்தார். எல்லாம் சரி. பின்னாளில் நானே எத்தனையோ அரச கட்டடங்களுக்கு மின்விசிறி தெரிவு செய்திருக்கிறேன். அப்பாவின் முறையில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"கொழும்பிலை எங்கடை வீட்டிலை நாலு ஓடினது, தம்பி" என்றார் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியப்பா. அன்று முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதான்.

பட்டணத்துக்குப் புறப்பட்ட அன்று, வந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தவிரப் படலையைத் தாண்டாத பெரியம்மா, சேலை மாற்றிக்கொண்டு வந்து வாடகைக் காரின் பின் சீற்றில் ஏறி இருந்தார். "நானும் வாறன். எனக்குத்தானே வாங்கப் போறியள்" என்றார். ஆளுக்குத் தெளிவு வருகிறது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

பெரியகடைப் பகுதியில் நாங்கள் போன கடையின் முதலாளி, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் விசிறிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். அப்பா குழாய் நீளத்தையும் இறகின் அளவையும் சொன்னதும், இப்படிக் கணக்கோடு வருகிற வாடிக்கையாளரைக் கண்ட மகிழ்ச்சியில் அவரே எழும்பி வந்து ஒன்றைப் போட்டுக் காட்டினார்.

"பாருங்கோ ஐயா. சத்தம் எண்ட பேச்சே இல்லை. ஓடுதோ நிக்குதோ எண்டு நிமிந்து பாத்தால்தான் தெரியும்."

பெரியம்மா அதன் கீழே போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் தலையை ஆட்டினார்.

"இது வேண்டாம்."

முதலாளி அடுத்ததைப் போட்டார். அது இன்னும் அமைதியானதாம். பெரியம்மா அதையும் வேண்டாம் என்றார். அதற்கடுத்ததும் அப்படித்தான். நிறம் பிடிக்கவில்லையோ என்று அம்மா மெல்லக் கேட்டார். பெரியம்மா முதலாளியின் மேசைப் பக்கம் திரும்பினார். அந்த மேசைக்கு மேலே, இறகெல்லாம் துருவேறிக் கறள் பிடித்த ஒரு பழைய விசிறி தலையை ஆட்டி ஆட்டி உறுமிக்கொண்டிருந்தது.

"உந்த ஃபானைத் தருவியளோ?"

முதலாளி சிரித்தார். "இதோ? இது ஃபான் இல்லையம்மா, மா அரைக்கிற மில்லு! என்ரை அப்பர் காலத்துச் சாமான். இதுக்குக் கீழை இருந்து கத்திக் கத்தித்தான் எனக்குத் தொண்டை இப்பிடிப் போனது."

"உதுதான் எனக்கு வேணும்."

கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள். அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. அப்பா, அரச ஊழியர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்: எல்லோரையும் பாதி திருப்திப்படுத்தினார். சத்தமில்லாத புதியது இரண்டு கூடத்துக்கு, பழையது பெரியம்மாவின் அறைக்கு. நாங்கள் வெளிக்கிட முன்னமே முதலாளி தன் தலைக்கு மேல் புதியதொன்றைப் பூட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைய நாளில் முழுத் திருப்தியோடு இருந்தவர் அவர் ஒருவர்தான்.

"சனம் சிரிக்கப் போகுது" என்று அம்மா முன் சீற்றிலிருந்த அப்பாவின் காதுக்குள் சொன்னார். நான் பெரியம்மாவின் பக்கத்தில் இருந்தேன்.

"ஏன் பெரியம்மா பழசு?"

"அது சத்தம் போடும், பிள்ளை. அந்தச் சத்தத்திலை மற்றது கேளாது."

"என்ன மற்றது?"

"காத்து."

காற்றுக்குப் பயப்படுகிற ஒரு பெரிய மனுஷியை நான் அதுவரை கண்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் அதை அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, பெரியம்மாவுக்குச் சத்தம்தான் வேணுமாம்."

"சத்தம் ஒருதருக்கும் வேண்டியதில்லை. சத்தம் எண்டால் மெசினிலை எங்கையோ பிழை எண்டு அர்த்தம்" என்றார் அப்பா.

பழைய விசிறியைப் பூட்டிய அன்று மத்தியானம் பெரியம்மா அதன் கீழே பாயைப் போட்டுச் சரிந்தார். விசிறி ஆட்டுக்கல்லைப் போல உறுமியது. பொழுது சாயும்வரை அவர் எழும்பவில்லை. அம்மா அறை வாசலில் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "நித்திரை கொள்ளுறா" என்றார், ஏதோ ஆள் பிழைத்துவிட்ட செய்தியைச் சொல்வதுபோல. அடுத்த நாளும் தூங்கினார். அதற்கடுத்த நாளும். கோப்பையில் போட்ட சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். அப்பளம் பறக்காத வீட்டில் என்ன சாப்பாடு என்று என்னைப் பகிடி பண்ணினார். சண்டிலிப்பாயில் இருந்த தன் ஒன்றுவிட்ட தங்கை வீட்டுக்கு ஒருநாள் போய்வருவோம் என்று பெரியப்பாவைத் தானே கேட்டார்.

அவர்கள் போன அன்றுதான் அப்பா ஏணியை மறுபடி எடுத்தார். அந்த விசிறியின் உறுமல் முதல் நாளிலிருந்தே அவரை அரித்துக்கொண்டிருந்தது. அண்ணி வந்து பார்க்கும்போது ஆச்சரியப்பட வேண்டும் என்று என்னிடம் இரகசியம் சொன்னார். கழற்றி இறக்கி, பெயாரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, கிறீஸ் வைத்து, இறகுகளின் கறளைச் சுரண்டி, பாரம் குறைந்த இறகில் ஒரு ஈயத் துண்டை ஒட்டி, நட்டுகளை இறுக்கிப் பூட்டினார். பொழுதெல்லாம் அதிலேயே போனது. போட்டுப் பார்த்தோம். அது தலையை ஆட்டவில்லை. மூச்சும் விடவில்லை. கடைக்காரருக்குக் காட்டவேண்டும் போலிருந்தது.

பெரியம்மா பின்னேரம் வந்து அறைக்குள் போனார். அப்பா வாசலில் நின்று சுவிச்சைப் போட்டார்.

"இப்ப பாருங்கோ அண்ணி. சத்தமே இல்லை."

பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். ஓட்டுக்கு மேலே சோளகம் இரைந்தது.

"ஓம் தம்பி" என்றார். "நல்லாச் செய்திருக்கிறியள்."

அவ்வளவுதான். யாழ்ப்பாணத்து மரியாதையைப் பற்றிப் பலர் பெருமையாக எழுதியிருக்கிறார்கள். நான் அதைக் கண்டது அந்த ஒரு வசனத்தில்.

மறுநாள் அவர் நடு அறைக் கதிரையில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு இருந்தார். அதற்கடுத்த நாள் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, உனக்கு வாய்ப்பாடு எவ்வளவு மட்டும் பாடம்?" என்று கேட்டார். பன்னிரண்டு வரை என்றேன். பக்கத்தில் இருத்திச் சொல்லச் சொன்னார். நான் ஓரோண் ஒன்றிலிருந்து தொடங்கினேன். அவர் பாயில் சரிந்து கண்ணை மூடினார். ஏழாம் வாய்ப்பாட்டில் தூங்கிவிட்டார் என்று எண்ணி நிறுத்தினேன். உடனே கண் திறந்தது.

"ஏன் நிப்பாட்டினனி? சொல்லு. பலத்துச் சொல்லு."

அதன்பின் ஒவ்வொரு மத்தியானமும் எனக்கு அதே தண்டனை. பன்னிரண்டு முடிந்ததும் பதின்மூன்றைப் பாடமாக்கிக்கொண்டு வரச் சொன்னார். எனக்குத் தொண்டை வறண்டது. நான் பிழையாகச் சொன்னால் அவர் திருத்துவதில்லை. நிறுத்தினால்தான் கோபம் வரும்.

விடுமுறை முடிகிற சமயத்தில் பெரியப்பா அப்பாவைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதைத்தார். நான் அங்கே வாளியால் அள்ளித் தோய்ந்துகொண்டிருந்தேன்.

"உன்னைக் குறை சொல்லேல்லை, தம்பி. அண்டைக்குக் கொழும்பிலை நாங்கள் பக்கத்து வீட்டுச் சாமான் அறையுக்கை பூட்டிக்கொண்டு இருந்தனாங்கள். சந்தியிலை இருந்து சனம் வாற இரைச்சல் முதல் தூரத்திலை கேட்டது. பிறகு கிட்ட. பிறகு எங்கடை வீட்டுக்கை. உந்தச் சோளகம் ஓட்டிலை விழேக்கை அவவுக்கு அதே இரைச்சல். அந்த மில்லுச் சத்தம் ஒண்டுதான் அதை மறைச்சது."

அப்பா நேரே போய் ஏணியை எடுத்தார். இறுக்கிய நட்டுகளைத் தளர்த்தினார். ஒட்டிய ஈயத்தைப் பிடுங்கினார். கிறீஸைத் துடைத்துத் துடைத்து எடுத்தார். விசிறி தலையை ஆட்டியது. டிக் டிக் என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. அந்த உறுமல் மட்டும் வரவில்லை. பிழையானதைச் சரியாக்குவதற்கு அப்பாவுக்கு எல்லா நடைமுறையும் தெரியும். சரியானதைப் பழையபடி பிழையாக்குவதற்கு ஒரு நடைமுறையும் இருக்கவில்லை. அவர் சேட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏணியின் மேலேயே நின்றார். நல்ல விசிறி ஒன்றை ஏன் இப்படிக் கெடுக்கிறார் என்று நான் கீழே நின்று யோசித்தேன்.

"இப்ப பரவாயில்லை தம்பி. இறங்குங்கோ" என்றார் பெரியம்மா.

பள்ளிக்கூடம் தொடங்கியது. நாங்கள் தெல்லிப்பழைக்குத் திரும்பினோம். சோளகம் ஓய்ந்து வாடைக்காற்று எழும்பிய மாதத்தில் பெரியம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். டொக்டர் சொன்னது சரியாக இருந்தது. அந்த உடம்பு தாங்கவில்லை. சில ஆண்டுகளில் யுத்தம் வந்து அந்தக் கரைக்கே ஒருவரும் போக முடியாமல் போயிற்று. உறுமாத மூன்று விசிறிகளும் அந்தக் கூரையோடு போயின.

செத்தவீட்டில் எல்லோரும் அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அதற்குள்ளே, யாரிடமும் சொல்ல முடியாத ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது. நாங்கள் கடல்வீட்டிலிருந்து புறப்பட்ட அன்று பெரியம்மா படலைவரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "பதினாறு மட்டும் பாடமாக்கிக்கொண்டு கெதியா வா, பிள்ளை" என்று சொல்லியிருந்தார். நான் பதினான்கில் நின்றுவிட்டிருந்தேன். இனி அவர் அதைக் கேட்கமாட்டார். கணக்கில் அவ்வளவு கண்டிப்பான ஒரு பெரியம்மா வேறு யாருக்கும் வாய்த்திருக்கமாட்டார் என்றே அப்போது நினைத்தேன்.