இனிப்பு வைனுக்கு முந்திரி

வைன் ருசி எனக்குத் தெரியும் என்று வேலைக்குச் சேரும்போது சொல்லியிருக்கக் கூடாது. அதுவரை என் வாயில் பட்ட திராட்சைச் சரக்கு ஒன்றுதான்: வயிற்றுப் பொருமலுக்கு வைத்தியர் கொடுத்த திராட்சாரிஷ்டம். அதையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தவன் நான்.

கன்னியாகுமரிக் கடற்கரையில் ஒரு விருந்தினர் விடுதி. எங்கள் ஊர்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன; மானேஜர் கோட்டயத்துக்காரர். நான் பக்கத்துக் கொட்டாரம் கிராமத்திலிருந்து சைக்கிளில் போய்வரும் ஸ்டோர் குமாஸ்தா. தற்காலிகம். இரண்டு வருஷமாகத் தற்காலிகம். ஒருநாள் மானேஜர் கூப்பிட்டார். அடுத்த வாரம் சனிக்கிழமை ஒரு கப்பல் கம்பெனித் துரை மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார், எந்தக் கறியோடு எந்த வைன் என்று நான் ஒரு அட்டையில் எழுதித் தர வேண்டும்.

"துரை நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போனா, உன்னை ஸ்திரமாக்கிடலாமெடோ."

ஸ்டோரில் இருந்தது இரண்டு வகை. ஒன்று துவர்க்கிற சிவப்பு. மற்றது சாப்பாட்டுக்குப் பிறகு சின்னக் கிளாசில் குடிக்கிற இனிப்பு. கொழும்பில் ஒரு பங்களாவில் சமைத்துவிட்டு வந்த குசினிக்காரர் எங்களிடம் இருந்தார், கடற்கரை ஊர்க்காரர். அவரிடம் கேட்டிருந்தால் ஒரு மணி நேரத்து வேலை. கேட்டால் என் பொய் வெளிப்பட்டுவிடுமே? ஆகவே, மதியம் விருந்தாளிகள் சாப்பிட்டு ஓய்ந்ததும், குசினியில் உட்கார்ந்து நானே ஆராய்ந்தேன்.

முதல் நாள் நெய்மீன் குழம்போடு சிவப்பு. கிணற்று வாளியின் பிடியை நக்கியது போல இருந்தது. இரண்டாம் நாள் மிளகாய் அரைத்த கோழிக்கறி. ஒவ்வொரு மடக்கும் எரிகிற அடுப்பை ஊதிவிட்டது. மூன்றாம் நாள் அடைப்பிரதமன் பாயசத்தோடு இனிப்பு வைன். வைன் காடியாகிவிட்டது.

"பாட்டில் கெட்டுப்போச்சு" என்றேன் அதிகாரமாக.

குசினிக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். "பாட்டிலு கெடல்ல சாரே. பிரதமன் அதவிட இனிப்பு. பெரிய இனிப்புக்க பக்கத்துல சின்ன இனிப்பு நின்னா புளிக்கத்தான் செய்யும். பின்ன, உமக்க நாக்குல ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கக் காணும் சுண்ணாம்பு இருக்கு. மொதல்ல அந்த முறுக்கானத் துப்பும்வே."

முறுக்கான் என்று எங்கள் பக்கம் சொல்வது வெற்றிலை பாக்கு புகையிலையை. ஒரு நாளைக்கு எட்டு முறை போடுவேன். வாய் எப்போதும் நிறைந்திருக்கும். மானேஜர் என்ன கேட்டாலும் 'ம்' என்று தலையாட்டுவேன். அதனால் விடுதியில் எனக்கு அடக்கமானவன் என்று நல்ல பெயர்.

வேலைக்காக அதையும் விட்டேன். நான்கு நாள் தாடைக்கு வேலையில்லை. எதைப் பார்த்தாலும் எரிச்சல், சைக்கிளோடு கூடச் சண்டை. ஐந்தாம் நாள் நாக்கு திறந்தது. திறந்ததும் வந்த வினை: காப்பி தீய்ந்திருப்பது தெரிந்தது. வீட்டுச் சாம்பாரில் உப்பு அதிகம் என்று மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். அன்று மோர்ச்சோறுதான்.

ஆனால் குசினிக்காரர் புளி போடாமல், குறுமிளகும் தேங்காய்க் கீற்றும் போட்டு வறட்டிய ஆட்டுக்கறியோடு சிவப்பைக் குடித்தபோது, வைனின் துவர்ப்பு கொழுப்பை வழித்தெடுத்தது. அடுத்த கவளமும் முதல் கவளம் போல இருந்தது. இனிப்புதான் மசியவில்லை. அல்வா, பழம், எள்ளுருண்டை, எல்லாவற்றோடும் சண்டை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்ததும், அவர் கொறித்துக்கொண்டிருந்த உப்புக் கொல்லாங்கொட்டையில் நாலை என் கையில் போட்டார். உப்பு முன்னால் போய்க் கதவைத் திறந்தது. இனிப்பு உள்ளே வந்து உட்கார்ந்தது.

"கண்ணு கலங்குதே சாரே. வைனுக்கா, வேலைக்கா?"

"ரெண்டுக்கும்" என்றேன்.

அட்டையை எழுதும்போதுதான் புத்தி கெட்டது. ஊரில் எல்லோரும் சொல்வது கொல்லாங்கொட்டை, இல்லாவிட்டால் அண்டிப்பருப்பு. துரைக்கு வைக்கிற பண்டத்தை அப்படி எழுதக் கை கூசியது. மதராஸ் பத்திரிகைகளில் படித்த சொல்லை முத்து முத்தாக எழுதினேன்: 'இனிப்பு வைன் - முந்திரி.'

சனிக்கிழமை ஆட்டுக்கறியைத் துரை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். கதவுக்குப் பின்னால் நான் நிரந்தரமாகிக்கொண்டிருந்தேன். பிறகு இனிப்பு வைன் போயிற்று. கூடவே ஒரு தட்டில் கறுப்புத் திராட்சை, குலையோடு. அந்தக் குலையைப் பார்த்து என் குலை நடுங்கியது.

பரிமாறுகிறவர் மேற்கே புதுக்கடை என்ற ஊர்க்காரர். திரும்பி வந்தவரை மடக்கினேன். "என்ன ஓய் வச்சிருக்கீரு?"

"முந்திரி. நீருதான எழுதிப்போட்டீரு?"

மேற்கே மலையாளம் கலந்த பேச்சில் முந்திரி என்றால் திராட்சை. எனக்கும் தெரியும். எழுதும்போது தெரியவில்லை.

"கொல்லாங்கொட்டை ஓய்!"

"அப்ப அத எழுதப்பிடாதா?"

துரை ஒரு பழத்தைக் கடித்தார், ஒரு கண்ணை மூடினார், தட்டைத் தள்ளிவிட்டு வைனை மட்டும் குடித்தார். நன்றாயிருந்தது என்று சொல்லிக் காரில் ஏறிப் போய்விட்டார். மானேஜர் அட்டையும் கையுமாகச் சிரித்துக்கொண்டு வந்தார். கோட்டயத்திலும் முந்திரி என்றால் திராட்சைதானே.

"எல்லாம் சரியெடோ. முந்திரின்னு எழுதியிருக்கு, முந்திரி வந்தாச்சு. திங்கட்கிழமை கடிதம் தரலாம்."

பழைய நாளாக இருந்தால் வாயில் முறுக்கான் இருந்திருக்கும். 'ம்' என்று தலையாட்டியிருப்பேன். அன்று வாய் காலி. ஒன்பது நாள் பட்ட பாடு நாக்கு நுனியில் வந்து நின்றது.

"தப்பாயிடுச்சு சார். நான் சொன்னது உப்புப் போட்டு வறுத்த அண்டிப்பருப்பு. இனிப்பு வைனோட புளிச்ச பழத்த எவனாவது வைப்பானா?"

அவர் சிரிப்பு நின்றது. "அப்போ துரைக்குத் தப்பான சாதனமா வச்சது?"

"ஆமா சார்!" என்றேன், வாதத்தில் ஜெயித்தவன் போல.

"எழுதினது ஆரு?"

திங்கட்கிழமை கடிதம் வரத்தான் செய்தது. தற்காலிகம், இன்னும் ஒரு வருஷத்துக்கு. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். குசினிக்காரர் தன் வெற்றிலைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். பெரிதாக ஒன்று மடித்துப் போட்டேன்.

"கொல்லாங்கொட்டைன்னு எழுத வெக்கமாக்கும் உமக்கு?" என்றார்.

"ம்" என்றேன்.